தனியாக வருகிறவரை யாரோடாவது கோத்துவிடாதீர்கள்

சிலிண்டரோடு கடலுக்குள் முக்குளிக்க அழைத்துப்போகும் டைவ் சென்டர்களை நடத்துபவர்களுக்கும், படகில் பட்டியலோடு நிற்கும் வழிகாட்டிகளுக்கும்,

வணக்கம்.

வெதுவெதுப்பான கடல், பவளப்பாறை, மூழ்கிய கப்பல் என்று விடுமுறை கிடைத்தால் தனியாகக் கிளம்பிவிடும் ஆட்களில் நானும் உண்டு. வீட்டில் யாருக்கும் கடலுக்கு அடியில் வேலையில்லை. நண்பர்களுக்கு ஒரே நேரத்தில் லீவு அமைவதில்லை. காரணம் அவ்வளவுதான். தனியாகப் பயணம் வருகிற எல்லோரும் தண்ணீருக்குள்ளும் தனியாகத் திரியத் துடிப்பவர்கள் என்று நீங்கள் நினைக்க வேண்டாம். எங்களில் பலருக்கும், தண்ணீருக்குள் ஒருவரையொருவர் கவனித்துக்கொண்டு கூடவே நீந்தும் நல்ல ஜோடி வேண்டும். நீங்களும் அதைத் தருவதாகத்தான் சொல்கிறீர்கள். கவுன்டரில் நீட்டும் படிவத்தில், ஜோடியாக மட்டுமே இறங்குவேன் என்று கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறீர்கள். அந்தக் கையெழுத்துக்கு உங்கள் பக்கத்து மரியாதை என்ன என்று கேட்கத்தான் இந்த மடல்.

எங்கே என்று சொல்லப்போவதில்லை. பல இடங்களில் நடப்பதுதான். படகை ஒரு கப்பலுக்கு மேலே கட்டியாகிவிட்டது. சிலர் காலில் ஃபின் என்ற நீச்சல் துடுப்பை மாட்டி விளிம்பில் நிற்கிறார்கள். வழிகாட்டி பட்டியலைப் பார்த்தார், என்னையும் எதிரே இருந்தவரையும் விரலால் காட்டி, "நீங்க ரெண்டு பேரும்" என்றார். ஜோடி சேர்த்தாயிற்று! எஞ்சின் சத்தத்தில் எதிரே இருந்தவர் சொன்ன பெயர் எனக்குக் கேட்கவில்லை. அவர் கையில் இரு பக்கமும் விளக்கு வைத்த பெரிய கேமரா. என் காற்று தீர்ந்தால் நான் வாயில் வைத்து மூச்சு விட வேண்டிய அவருடைய மாற்று ரெகுலேட்டரை எங்கே செருகியிருக்கிறார் என்று நான் கண்ணால் தேடுவதற்குள் குதித்துவிட்டார்.

24 மீட்டரில் ஒரு கடல் நத்தையைக் கண்டதும் அவர் அப்படியே மிதந்து நின்றுவிட்டார். விரல் நகம் அளவு உயிர், நீல உடம்பில் மஞ்சள் கோடு; அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வழிகாட்டியின் ஃபின் கப்பலின் பின்புறம் திரும்பி மறைகிறது. குழுவோடு போனால் ஜோடியை விட வேண்டும், ஜோடியோடு நின்றால் குழுவை விட வேண்டும். நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளங்கையில் இரண்டு விரலைத் தட்டி, காற்று எவ்வளவு என்று கேட்டேன். எண் காட்டவில்லை, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாக்கி 'சரி' என்று காட்டிவிட்டுக் கேமராவுக்குத் திரும்பினார். அவர் இடுப்போரம் தொங்கிய, சிலிண்டரின் காற்றழுத்தம் காட்டும் மானியை நானே பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். 60 பார். ஊசி சிவப்புப் பட்டையை ஒட்டி நின்றது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருவரும் ஒழுங்காக மேலே வந்து சேர்ந்தோம். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. கேமராக்காரரையும் கப்பல் பார்க்க வந்தவரையும் ஒன்றாகக் கட்டினால் இரண்டு பேருக்கும் அந்த டைவ் பாழ் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பட்டியல் வைத்திருந்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதைச் சொன்னால், "எல்லாரும் 50 பாரில் மேலே வரணும்னு பிரீஃபிங்கில் சொன்னோமே" என்பீர்கள். அந்த 50 பாரைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். வாடகைக்குக் கிடைக்கும் வழக்கமான அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு 11.1 லிட்டர். 50 பார் என்றால் சுமார் 555 லிட்டர் காற்று. கடல்மட்ட அழுத்தக் கணக்கில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுகிற ஆள் பயந்துபோனால் 30 லிட்டரைத் தாண்டுவது சாதாரணம். ஒருவருக்குக் காற்று தீர்ந்து இருவர் ஒரே சிலிண்டரில் மூச்சு விட்டால் 60. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நான்கு மடங்கு. ஆக நிமிடத்துக்கு 240 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் மேலே வர மூன்றரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு, வழியில் சராசரி அழுத்தம் இரண்டரை மடங்கு. ஏறி முடிப்பதற்கே ஏறக்குறைய 500 லிட்டர் போய்விடும். கீழே என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளவும், மாற்று ரெகுலேட்டரைக் கண்டுபிடித்து வாயில் வைக்கவும் மிஞ்சுவது பதினைந்து விநாடிகூட இல்லை. உடலில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேற 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பதைப் பற்றிப் பேச்சே இல்லை.

இந்தக் கணக்கில் என் ஜோடியின் சிலிண்டர் எனக்கும் சிலிண்டர். அவர் ஒரு மூச்சில் நீந்தி எட்டும் தூரத்தில் இல்லையென்றால் அவர் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பத்து மீட்டருக்கு அப்பால் எனக்கு முதுகைக் காட்டியபடி படமெடுக்கும் ஒருவரை எனக்கு ஜோடி என்று நீங்கள் பட்டியலில் எழுதலாம். கடலுக்குள் அவர் ஒப்புக்குச் சப்பாணி.

கப்பலுக்குக் கப்பல் ஜோடியின் வேலையும் மாறுகிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கரைக்கு அப்பால் யோங்கலா கிடக்கிறது. 1911 மார்ச்சில் புயலில் 122 பேரோடு போன கப்பல். உள்ளே நுழையச் சட்டத்தில் அனுமதி இல்லை. திறந்த கடல், நீரோட்டம் அடிக்கும். அங்கே ஜோடி என்றால் கயிற்றில் முன்னும் பின்னுமாக இறங்குவது, கயிற்றுக்கே திரும்பி வருவது. பாலியின் துலம்பெனில் லிபர்ட்டி என்ற கப்பல் கரையிலிருந்து நடந்து இறங்கும் தூரத்தில் இருக்கிறது. 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கிய பிறகு கரையேற்றி விட்டிருந்தார்கள்; 1963இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது அது கடலுக்குள் சரிந்தது. மேல்பகுதி ஆழம் குறைவு, கீழ்ப்பகுதி 30 மீட்டரை எட்டும். சான்றிதழ் 18 மீட்டரோடு நிற்கிற ஒருவரும் 30 மீட்டர் வரை தகுதியுள்ளவரும் அங்கே ஜோடியானால், எந்த ஆழத்தில் திரும்புவது என்று கரையிலேயே பேசிவிட வேண்டும்.

செங்கடலில் திசில்கார்ம் இன்னொரு கதை. 1941 அக்டோபர் 6 அன்று ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசி மூழ்கடித்த சரக்குக் கப்பல். லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் இன்னும் அறைகளில் வரிசையாக நிற்கின்றன. பல படகுகளின் ஆட்கள் ஒரே நேரத்தில் இறங்கும் இடம் அது. எல்லோருக்கும் கறுப்பு வெட்சூட், எல்லோருடைய முகத்திலும் மாஸ்க். காலையில் ஒரு நொடி பார்த்த முகத்தை அந்தக் கும்பலில் எப்படிக் கண்டுபிடிப்பது? ஜோடியின் ஃபின் என்ன நிறம் என்று பார்த்து வைத்துக்கொள்ளக்கூட எங்களுக்கு நேரம் தருவதில்லை.

உள்ளே நுழைவதைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பொழுதுபோக்கு முக்குளிப்பில் வெளிச்சம் தெரியும் எல்லையைத் தாண்டக்கூடாது, ஆழமும் உள்ளே போகும் தூரமும் சேர்ந்து 40 மீட்டரை மீறக்கூடாது என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். 27 மீட்டரில் இருக்கும் அறை என்றால் வாசலிலிருந்து 13 மீட்டர். இதையும் மீறி ஆறேழு பேரை ரயில் மாதிரி கோத்து அழைத்துப்போகும் வழிகாட்டிகளைப் பார்த்திருக்கிறேன். அந்த ரயிலில் கடைசிப் பெட்டி யார்? பெரும்பாலும் தனியாக வந்தவர். "உங்களுக்கு அனுபவம் இருக்கு, பின்னாடி பாத்துக்குங்க." முன்னால் போகிறவர்கள் ஃபின்னால் கிளப்பும் வண்டல் முழுவதும் கடைசி ஆளின் மாஸ்க் முன்னால்தான் வந்து நிற்கும். அவருக்கு எதுவும் தெரியாது. அவர் நின்றுபோனாலும் முன்னே போகிறவர்களுக்குத் தெரியாது.

மட்டக்களப்புக்கு அப்பால் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கும் ஹெர்மெஸ் போன்ற கப்பல்களை நான் இதில் சேர்க்கவில்லை. அது, பொழுதுபோக்கு எல்லையைத் தாண்டி ஆழத்துக்கு இறங்கும் டெக்னிக்கல் டைவிங் செய்கிறவர்களின் பேட்டை. அவர்கள் காற்றுக் கணக்கு, திரும்பும் நேரம், யார் முன்னால் யார் பின்னால் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டுதான் தண்ணீரில் கால் வைப்பார்கள். அதில் பாதி ஒழுங்கு 25 மீட்டருக்கு வந்தால் போதும்.

அனுபவம் என்றேன் அல்லவா, அதுவும் ஒரு வம்பு. டைவ் பதிவேட்டில் எண்ணிக்கை கூடுதலாக இருக்கிற தனி ஆளைப் பார்த்தாலே, நேற்றுச் சான்றிதழ் வாங்கியவரை அவர் தலையில் கட்டிவிடுகிறீர்கள். புதியவரோடு போவது எனக்குப் பிடிக்காது என்றில்லை. 12 மீட்டரில் ஒரு பவளத்திட்டைச் சுற்றி மெதுவாக வருவது, முதல்முறை கடலாமையைப் பார்த்தவர் ரெகுலேட்டருக்குள்ளேயே கத்துவதைக் கேட்பது, எல்லாம் நல்ல அனுபவம்தான். ஆனால் அது நீங்கள் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டிய வேலை. என்னிடம் கொடுப்பதென்றால் கரையில் வைத்துக் கேளுங்கள். படகில் கேட்டால் மாட்டேன் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அந்தப் புதியவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

தனி அறைக்குக் கூடுதல் கட்டணம், குறைந்தது இருவர் இல்லையென்றால் படகு கிளம்பாது என்பதெல்லாம் வியாபாரம். அதில் சண்டைக்கு வரவில்லை.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. ஜோடியைக் கரையிலேயே முடிவு செய்யுங்கள். உபகரணம் பூட்டும் நேரத்தில் பத்து நிமிடம் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள், மற்றதை அவர்களே பேசிக்கொள்வார்கள். பொருத்தமான ஆள் இல்லையா, உங்கள் டைவ் மாஸ்டரே அந்தத் தனி ஆளுக்கு ஜோடி என்று சொல்லிவிடுங்கள். அப்படிச் செய்கிற சென்டர்கள் இருக்கின்றன, அங்கே திரும்பத் திரும்பப் போகிறோம். அல்லது, தனித்து இறங்கப் பயிற்சி எடுத்தவர்களை அந்தப் பயிற்சிப்படி இறங்க விடுங்கள். பாடி (PADI) என்ற முக்குளிப்புப் பயிற்சி அமைப்பின் செல்ஃப் ரிலையன்ட் டைவர் பயிற்சியில் சேர 18 வயதும் பதிவான 100 டைவும் வேண்டும். எஸ்டிஐ (SDI) என்ற இன்னொரு அமைப்பில் சோலோ டைவர் என்றே ஒரு பயிற்சி உண்டு. தனி ரெகுலேட்டரோடு ஒரு சிறிய சிலிண்டர் கூடவே எடுத்துப்போவது, தன் காற்றுச் செலவைத் தானே கணக்கிடுவது, நடுநீரிலிருந்து மிதவையை மேலே விடுவது என்று, துணை இல்லாவிட்டால் எது காப்பாற்றுமோ அதையெல்லாம் பழக்குகிறார்கள்.

உள்ளூர்ச் சட்டம் தனியாக இறங்க இடம் தராது என்றால், பணம் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், கட்டுப்படுகிறோம். "இங்கே தனியாக இறங்கக்கூடாது" என்று சுவரில் எழுதி ஒட்டிவிட்டு, பெயருக்கு ஒருவரைக் காட்டிக் குதிக்கச் சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அதுவும் தனி முக்குளிப்புதான். கூடுதல் சிலிண்டர் இல்லாத, திட்டம் இல்லாத, தனியாக இருக்கிறோம் என்று தெரியக்கூடத் தெரியாத தனி முக்குளிப்பு.

தலை எண்ணுவது அடுத்தது. 1998 ஜனவரியில் கிரேட் பேரியர் ரீஃபில் ஒரு தம்பதியைக் கடலில் விட்டுவிட்டுப் படகு கரை திரும்பியது. இரண்டு நாள் கழித்து, அவர்களுடைய பை படகிலேயே கிடப்பதைப் பார்த்த பிறகுதான் தேடத் தொடங்கினார்கள். இருவரும் கிடைக்கவே இல்லை. அதற்குப் பிறகு குயின்ஸ்லாந்தில் தலை எண்ணும் விதிகளைக் கடுமையாக்கினார்கள். அவர்கள் இரண்டு பேர் என்பதை யோசியுங்கள். ஒற்றை ஆளாக வந்தவர் விடுபட்டால், "பக்கத்தில் இருந்தவரைக் காணோமே" என்று கேட்கப் படகில் யார் இருக்கிறார்கள்? ஆகவே எண்ணாதீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். ஒவ்வொருவரும் தன் வாயால் பதில் சொன்ன பிறகு எஞ்சினைப் போடுங்கள். அவசரத் தொடர்புக்கு யார் என்று எழுதி வாங்கும் தாள் கடையில் மேஜை டிராயரில் தூங்க வேண்டாம்; அதன் நகல் படகில் வரட்டும்.

சாயங்காலம் எல்லோரும் அறைக்குப் போன பிறகு என்ன ஆகிறது என்று யாரும் பேசுவதில்லை. நைட்ரஜன் குமிழ்களால் வரும் டிகம்ப்ரஷன் நோய் தண்ணீரை விட்டு வெளியே வந்து சில மணி நேரத்தில் தலைகாட்டலாம், இன்னும் தாமதமாகவும் வரலாம். தோளில் வலி, கையில் மரமரப்பு, இயல்புக்கு மீறிய சோர்வு. சிலிண்டர் தூக்கியதால் வந்த வலி என்று சொல்லிப் படுத்துவிடுவது முக்குளிப்பவர்களின் பரம்பரை வியாதி. கூட ஆள் இருந்தால் முகத்தைப் பார்த்து, "என்னமோ சரியில்லையே" என்று கிளப்புவார். தாழ்ப்பாள் போட்ட அறையில் தனியாகத் தூங்குகிறவரை யார் பார்ப்பது? ஒரு டைவ் மட்டும் செய்தவர் விமானம் ஏற 12 மணி நேரமாவது பொறுக்க வேண்டும், பல டைவ்கள் அல்லது பல நாட்கள் என்றால் 18 மணி நேரமாவது என்று முக்குளிப்பவர்களின் பாதுகாப்புக்கான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பு அறிவுறுத்துகிறது. இது பயணத்திட்டத்தை வைத்துச் சரிபார்க்கக்கூடிய விஷயம், சிலர் சரிபார்க்கவும் செய்கிறீர்கள். அதோடு, தனியாக வந்தவருக்கு இரவு எட்டு மணிக்கு, "எப்படி இருக்கீங்க?" என்று ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள். பதில் வரவில்லையென்றால் கதவைத் தட்டுங்கள்.

முன்பதிவுப் படிவத்தில் உயரம், எடை, ஃபின் அளவு, சாப்பாட்டு விருப்பம் வரை கேட்கிறீர்கள். அதே படிவத்தில் இன்னும் சிலவற்றைச் சேருங்கள்: கடைசியாக எப்போது இறங்கினீர்கள், ஒரு சிலிண்டர் உங்களுக்கு எவ்வளவு நேரம் வரும், கேமரா கொண்டுவருகிறீர்களா, கப்பலுக்குள் போக விருப்பமா, யாரோடு ஜோடி சேர்க்கக்கூடாது என்று நினைக்கிறீர்கள். நீங்கள் சேர்க்கும்வரை சும்மா இருக்கப்போவதில்லை. அடுத்த பயணத்துக்கு எழுதும்போது இந்தப் பதில்களை நானே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, எனக்கு ஜோடி யார் என்று கேட்பேன். "வந்ததும் பார்த்துக்கலாம்" என்று பதில் வருகிற இடத்துக்கு முன்பணம் போகாது.

இப்படிக்கு,
தனியாகப் பதிவு செய்யும் ஒரு முக்குளிப்பாளர்