மூடுபனியில் விழுந்த பெட்டி

அன்புள்ள செல்வா,

உன் கடிதமும் நீ எழுதிவரும் கணினி விளையாட்டின் இரண்டாம் பதிப்பும் கிடைத்தன. இரண்டு படகுகள், இடையில் மூடுபனி, ஆளுக்கொரு மூடிய பெட்டி. நிரப்பியும் அனுப்பலாம், காலியாக அனுப்பி ஏமாற்றவும் செய்யலாம். எதிராளி என்ன அனுப்பினார் என்பது பெட்டியைத் திறந்த பிறகுதான் தெரியும். ஏமாற்றுவதுதான் ஆளுக்கு லாபம், ஆனால் இருவரும் ஏமாற்றினால் இருவருக்கும் நஷ்டம் என்ற 'கைதியின் இக்கட்டை'ச் சிறைக்கம்பி இல்லாமல் காட்ட இது போதும். படத்தில் கை வைக்காதே. எண்களில் கை வை. யாருக்கு எது தெரிகிறது என்பதிலும் வை.

முதலில் உன் கேள்விக்கு வருகிறேன். பாட்களை, அதாவது தானாக ஆடும் நிரல்களை, 200 சுற்று மோதவிட்டால், முதலில் நிரப்பி, பிறகு எதிராளி கடைசியாக அனுப்பியதையே திருப்பி அனுப்பும் 'பதிலுக்குப் பதில்' தன் இரட்டையோடு ஆடும்போதுகூடச் சுற்றுக்குச் சராசரி மதிப்பெண் 1.3ஐ ஒட்டித்தான் நிற்கிறது, நிரலில் எங்கோ பிழை இருக்கிறது என்று எழுதியிருந்தாய். நிரல் சரி. அரசியல் அறிவியலாளர் ராபர்ட் ஆக்ஸல்ராட் இதே இக்கட்டை வைத்து நடத்திய இரண்டு கணினிப் போட்டிகளிலும், முதலாவதில் 14 பேர், அடுத்ததில் 62 பேர் அனுப்பிய நிரல்களுக்கு நடுவே, அனடோல் ரப்பபோர்ட்டின் அந்தக் குட்டி நிரல் முதலிடம் பிடித்தது உண்மைதான். ஆனால் அங்கே மூடுபனி கிடையாது. அனுப்பியது அப்படியே போய்ச் சேரும்.

உன் மூடுபனியில் 5 விழுக்காடு பெட்டிகள் தண்ணீரில் விழுந்து, எதிராளிக்குக் காலியாகப் போகின்றன. இரண்டு பெட்டிகளில் ஒன்றாவது விழ ஒரு சுற்றில் வாய்ப்பு 9.75 விழுக்காடு. ஆக, சராசரியாகப் பத்தாவது சுற்றில் முதல் விபத்து. அதன் பிறகு இவன் ஒரு முறை காலி, அவன் ஒரு முறை காலி என்று மாறி மாறிப் பழிவாங்கல் ஓடும். அப்போது சுற்றுக்கு ஒரே ஒரு நிறைபெட்டிதான் கடலில் இருக்கும். அதுவும் விழச் சராசரி 20 சுற்று. விழுந்துவிட்டால் இருவரும் காலி அனுப்பத் தொடங்குவார்கள், அதிலிருந்து மீட்சியே இல்லை. ஏனென்றால் உன் மூடுபனி நிறைபெட்டியைக் காலியாக்குமே தவிர, காலிப்பெட்டியை நிரப்பாது. பாடநூல்களில் வரும் பிழை இரண்டு பக்கமும் புரளும், அதனால் அங்கே ஆட்டம் அவ்வப்போது தானாகவே தேறிக்கொள்ளும். உன்னுடையது ஒருவழிப் பிழை. முதல் 30 சுற்றில் கிடைத்ததை மிச்சம் 170 சுற்றில் சுற்றுக்கு வரும் வெறும் 1 மதிப்பெண் கரைத்துவிடுகிறது, 1.3 வருகிறது.

இதே கணக்கில் ஒரு வினோதத்தைக் கவனித்தாயா? முதல் விபத்துக்கு முன் ஆளுக்குச் சுற்றுக்கு 3. விபத்துக்குப் பின், பழிவாங்கும் கட்டத்தில், 7ம் 0வும் மாறி மாறி வந்து சராசரி 3.5. சண்டை போட்டால் வருமானம் கூடுகிறது! காரணம் நீ வைத்திருக்கும் 7. ஏமாற்றினவனுக்கு 7, இருவரும் நிரப்பினால் 3, இருவரும் காலி என்றால் 1, ஏமாந்தவனுக்கு 0. வரிசை சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அதோடு இன்னொரு நிபந்தனையும் உண்டு: ஒத்துழைப்பின் இரு மடங்கு, ஏமாற்றினவன் ஏமாந்தவன் இருவர் பங்கின் கூட்டுத்தொகையைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். உன் எண்களில் 6, 7ஐவிடச் சிறியது. விவரமான இருவர் 'இந்த முறை நீ, அடுத்த முறை நான்' என்று சொல்லிவைத்து ஏமாற்றிக்கொள்வார்கள். அதுவும் ஒரு விளையாட்டுதான், ஆனால் நீ செய்ய நினைத்தது அது அல்ல. 7ஐ 5 ஆக்கு. 5, 3, 1, 0 தேய்ந்த எண்கள்தான், இருந்தாலும் உன் முடிவுகளை மற்றவர்களின் முடிவுகளோடு ஒப்பிட வசதி.

ஒரு சின்ன ஓட்டை: மதிப்பெண்ணை வந்து சேர்ந்த பெட்டிகளை வைத்துக் கணக்கிடுகிறாய். அதனால் நிரப்பி அனுப்பி, பெட்டி விழுந்தவனுக்கு ஏமாற்றினவனின் பரிசு போகிறது. சரக்கைக் கடலில் விட்டவனுக்குப் பரிசா? அவனுக்கு 3, எதிரே இருந்தவனுக்கு 0 என்று தனியாக எழுது.

அடுத்தது முடிவு. திரையின் மூலையில் 'சுற்று 7/10' என்று காட்டுகிறாய். பத்தாவதுதான் கடைசி என்று தெரிந்தால் அதில் ஏமாற்றுவதற்கு விலை இல்லை. அப்படியானால் ஒன்பதாவதில் நல்லவனாக இருந்தும் பயனில்லை, எட்டாவதிலும் இல்லை. மனிதர்கள் இதை முதல் சுற்றுவரை கொண்டுபோக மாட்டார்கள். கடைசி இரண்டு மூன்று சுற்றில் ஆட்டம் இறந்துவிடும், அவ்வளவுதான். பகடை போட்டு முடி. ஆனால் எடுத்த எடுப்பிலேயே பகடை வேண்டாம். தொடரும் வாய்ப்பு 0.9 என்றால் பத்தில் ஒரு ஆட்டம் முதல் சுற்றோடு முடிந்துபோகும், ஆடுபவர் திறந்து பார்ப்பது ஒரே ஒரு பெட்டி. ஐந்து சுற்று உறுதியாக வை. அதன் பிறகு ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் தொடர 0.8 வாய்ப்பு கொடு. சராசரி 9 சுற்று வரும்.

0.8ஐ இஷ்டத்துக்குக் குறைக்காதே. 'பதிலுக்குப் பதில்' பாட்டோடு ஆடுகிறவன் ஒரு சுற்று ஏமாற்றி மறுசுற்று சமாதானம் செய்துகொண்டே போகலாம். தொடரும் வாய்ப்பு மூன்றில் இரண்டுக்குக் கீழே போனால் அதுதான் லாபம்: 0.5இல் அவனுக்கு எதிர்பார்ப்பு 6.67, நேர்மையானவனுக்கு 6. 0.8இல் அவனுக்கு 13.9, நேர்மைக்கு 15. பகடையை ஆட்டம் தொடங்கும்போதே உருட்டி, சீடோடு (சீரற்ற எண்களைத் தொடங்கிவைக்கும் எண்) சேர்த்துச் சேமித்துவிடு. இல்லாவிட்டால் சேமித்த ஆட்டத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து, பிடித்த முடிவு வரும்வரை விடமாட்டார்கள்.

மூடுபனிக்கே திரும்புகிறேன், ஏனென்றால் உன் விளையாட்டின் உயிர் அங்கேதான். 9 சுற்றில் 18 பெட்டிகள். எல்லாமே நிறைபெட்டிகள் என்று வைத்துக்கொண்டால், 5 விழுக்காட்டில் ஏறக்குறைய 60 விழுக்காடு ஆட்டங்களில் ஒரு விபத்தாவது நடக்கும். 2 விழுக்காட்டில் 30. எனக்கு 5 பிடித்திருக்கிறது. ஆனால் எண்ணைவிட முக்கியமானது, பெட்டி விழுந்தது யாருக்குத் தெரியும் என்பது. இருவருக்கும் தெரிந்தால் மூடுபனி வெறும் அலங்காரம், யாரும் கோபிக்க மாட்டார்கள். அனுப்பியவனுக்கு மட்டும் தெரிந்தால் அவனால் ஒன்று செய்ய முடியும்: எதிராளியின் ஒரு பதிலடியை வாய்மூடி வாங்கிக்கொண்டு, தொடர்ந்து நிரப்பி அனுப்பலாம். வூவும் ஆக்ஸல்ராடும் 1995இல் பிழையைச் சமாளிக்கும் வழிகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இந்தத் 'தவறுணரும்' உத்தி நன்றாகவே தேறியது. யாருக்குமே தெரியாவிட்டால் அந்த உத்தி செத்தது. தான் நிரப்பி அனுப்பியதாகவே நம்புகிறவன், வரும் பதிலடியைத் துரோகம் என்றுதான் எடுத்துக்கொள்வான். முதல் நிலையில் அனுப்பியவனுக்கு மட்டும் ஒரு 'சளக்' சத்தம் கேட்கட்டும். இரண்டாம் நிலையில் அந்தச் சத்தத்தையும் எடுத்துவிடு. வேறு எந்தக் கடினமும் சேர்க்கத் தேவையில்லை.

சத்தமில்லாத நிலைக்கு மன்னிக்கிற பாட் ஒன்று கட்டாயம் வேண்டும். காலிப்பெட்டி வந்தாலும் சில முறை நிரப்பியே அனுப்பும். எத்தனை முறை என்பதில்தான் சறுக்குவார்கள். நீண்ட ஆட்டத்தில் உச்சவரம்பு மூன்றில் ஒன்று. தாண்டினால் ஒன்றுவிட்டு ஒன்று ஏமாற்றுகிறவன் அதன் தலையில் மிளகாய் அரைப்பான். தொடரும் வாய்ப்பு 0.8 என்றால் அந்த வரம்பு ஆறில் ஒன்றாகச் சுருங்கிவிடும். ஆகவே மனிதரோடு ஆடும் பாட்டுக்கு ஆறில் ஒன்று, 200 சுற்றுச் சோதனைக்கு மூன்றில் ஒன்று. ஒரே எண்ணை இரண்டுக்கும் போடாதே. 'வென்றால் நில், தோற்றால் மாறு' பாட்டையும் சேர்க்கலாம்: 5 அல்லது 3 கிடைத்தால் செய்ததையே செய்யும், 1 அல்லது 0 என்றால் மாற்றும். தன் இரட்டையோடு ஆடும்போது விபத்துக்குப் பின் மூன்றாம் சுற்றில் சமாதானமாகிவிடும். ஆனால் எப்போதும் காலி அனுப்புகிறவனிடம் ஒன்றுவிட்டு ஒரு சுற்று ஏமாந்துகொண்டே இருக்கும், சராசரி 0.5. பார்க்கப் பாவமாக இருக்கும், இருக்கட்டும்.

திரையில் 'நீங்கள் 4 புள்ளி முன்னிலை' என்ற வரியை எடுத்துவிடு. அதைப் பார்த்ததும் ஆடுபவர் சேர்ப்பதை மறந்து முந்தப் பார்ப்பார். போட்டிகளை வென்ற 'பதிலுக்குப் பதில்' எந்தத் தனி ஆட்டத்திலும் எதிராளியைவிட ஒரு புள்ளிகூட அதிகம் எடுக்க முடியாதது. அவரவர் மொத்தத்தை மட்டும் காட்டு. பொத்தானில் 'ஏமாற்று' என்ற சொல்லும் வேண்டாம். 'நிரப்பு', 'காலி' போதும். பெயர் அவ்வளவு வேலை செய்யும்: 2004இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரே பலன் அட்டவணையைச் 'சமூக விளையாட்டு' என்று அழைத்தபோது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் ஒத்துழைத்தார்கள், 'வால் ஸ்ட்ரீட் விளையாட்டு' என்றபோது ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான்.

இணையத்தில் இருவர் ஆடும் வடிவத்துக்குத் தேர்வின் ஹேஷை (பின்னோக்கிப் பிரிக்க முடியாத கணித முத்திரை) முதலில் அனுப்பி, பிறகு தேர்வைத் திறந்துகாட்டும் உன் யோசனை சரி. ஆனால் தேர்வே இரண்டுதான், இரண்டுக்கும் ஹேஷ் போட்டுப் பார்த்தால் எதிராளிக்குத் தெரிந்துபோகும். 16 பைட் சீரற்ற எண்ணைச் சேர்த்து ஹேஷ் செய். ஆடுபவரின் அடையாளத்தையும் சேர், இல்லையேல் ஒருவன் மற்றவனின் ஹேஷையே திருப்பி அனுப்பி, அவன் திறந்ததும் அதையே தானும் திறந்துகாட்டுவான். 30 வினாடிக்குள் திறக்காதவனின் பெட்டி காலி. 'எதிராளி தேர்ந்துவிட்டார்' என்ற அறிவிப்பும் கூடாது. எவ்வளவு நேரம் தயங்கினார் என்பதே பாதி விடை.

ஆட்டம் முடிந்ததும் ஒரே ஒரு திரை சேர்த்துக்கொடு. எல்லாச் சுற்றும் வரிசையாக: அனுப்பியது, வந்து சேர்ந்தது. கடலில் விழுந்த பெட்டிகள் மட்டும் வேறு நிறத்தில். எந்தப் பெட்டிக்காகக் கோபித்தோம் என்பது அங்கேதான் தெரிய வேண்டும். விளக்க வரி எதுவும் எழுதாதே. மூன்றாம் பதிப்பை அனுப்பும்போது சுற்றுவாரியான பதிவுக் கோப்பையும் சீடையும் சேர்த்து அனுப்பு, ஓட்டிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
கதிர்

பின்குறிப்பு: கடைசி நிலைக்கு வில்லன் கேட்டிருந்தாய். 2012இல் வில்லியம் பிரஸ்ஸும் ஃப்ரீமன் டைசனும் கண்டுசொன்ன கறக்கும் உத்தியைப் போடு, பெயர் 'கந்துவட்டிக்காரன்'. முந்தைய சுற்றில் இருவரும் நிரப்பியிருந்தால் 11/13 வாய்ப்பில் நிரப்பும். அது நிரப்பி எதிராளி காலி என்றால் 1/2. அது காலி எதிராளி நிரப்பினால் 7/26. இருவரும் காலி என்றால் நிரப்பவே நிரப்பாது. 1க்கு மேல் எதிராளி சம்பாதிப்பதைப் போல மூன்று மடங்கு அதற்குச் சேரும். எப்போதும் நிரப்பி அனுப்பினால் உனக்கு 1.91, அதற்கு 3.73. முதல் பெட்டியை நிரப்பியே தொடங்கவை. காலியில் தொடங்கி நீயும் காலியே அனுப்பிக்கொண்டிருந்தால் இரண்டு பேரும் அங்கேயே உறைந்துபோவீர்கள். அந்த நிலையில் மூடுபனியை அணைத்துவிடு, பனி இருந்தால் மூன்று மடங்குக் கணக்கு நிற்காது. ஒன்பது சுற்றிலும் அது தெரியாது, அந்த ஒரு நிலையை மட்டும் 60 சுற்றுக்கு நீட்டு.