செயலாளர் ஆண்டறிக்கை: நம் பிள்ளைகள் ஆடிய அணிகளும் ஆட மறுத்த அணிகளும்

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வந்திருக்கும் பெரியவர்கள், தாய்மார்கள், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு தடையில்லாமல் நடந்தது. பொங்கலும் ஆடிக் கஞ்சியும் உங்கள் கைகளால்தான் நிறைவாக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார்.

மீதியை ஒரே ஒரு வேலைக்குக் கொடுக்கிறேன். போன பொதுக்கூட்டத்தில், இங்கே தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் தங்கை ஒருத்தி எழுந்து கேட்டாள்: "எங்கள் அணிக்கு 'இம்பி' என்று பெயர். அந்த அணியின் பழைய கதையில் நம்மவர்கள் எங்கே இருக்கிறார்கள்?" அன்று யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. இந்த வருஷம் முழுக்க அதைத்தான் தேடினோம்.

அந்தப் பல்கலைக்கழகம் 2004 ஜனவரி 1 அன்று நட்டால் பல்கலைக்கழகமும் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவானது. நட்டால் பல்கலைக்கழகம் 1910-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் கல்லூரியாகத் தொடங்கியது. மைதானம், அணி, கோப்பை எல்லாம் அங்கே வெள்ளைக்கார மாணவர்களைச் சுற்றி வளர்ந்தன. நம்மவர்களுக்கு 1936-இல், மேபல் பாமர் என்ற அம்மையாரின் முயற்சியால், தனி வகுப்புகள் தொடங்கின. அந்த வகுப்புகள் நடந்தது சாஸ்திரி கல்லூரிக் கட்டடத்தில். வலங்கைமானில் பிறந்து, இந்திய அரசின் பிரதிநிதியாக இங்கே வந்த ஸ்ரீனிவாச சாஸ்திரியின் பெயர் தாங்கிய அதே கல்லூரிதான். பக்கத்திலேயே கரீஸ் பவுண்டன் மைதானம். டர்பனில் நம் ஆட்களுக்கு சாக்கர் என்றாலே அந்த இடம்தான்.

அப்புறம் 1961-இல் இந்தியர்களுக்கென்று தனிக் கல்லூரி வந்தது. டர்பன் துறைமுகத்துக்குள் இருக்கும் சாலிஸ்பரி தீவில், கடற்படை விட்டுப்போன பழைய கொட்டகைகளில் அதை வைத்தார்கள். பிள்ளைகள் படகேறிப் போய்ப் படித்தார்கள். 1972-இல் வெஸ்ட்வில் குன்றுக்கு இடம் மாறியது. அதுதான் பின்னாளில் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமாகி, நாம் எல்லோரும் 'யூடிடபிள்யூ' என்று சுருக்கிச் சொன்ன இடம்.

தீவில் படித்த தாத்தா ஒருவரைச் சாட்ஸ்வர்த்தில் போய்ப் பார்த்தோம். பேச்சு தொடங்குவதற்கு முன்பே உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். அதற்குள் செய்தித்தாளில் சுற்றிய ஒரு ஜோடி சாக்கர் பூட்ஸ். தோல் விறைத்துப்போய்க் கட்டைபோல் இருந்தது. அடியில் ஆணியடித்த தோல் குமிழ்களில் இரண்டு விழுந்திருந்தன. வாரம் தவறாமல் கொழுப்பு தடவுவாராம். இந்தப் பூட்ஸோடு கல்லூரிக்காக ஆடினீர்களா தாத்தா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். சட்டத்தைக் காட்டி நம்மை ஒதுக்கிவைத்த இடத்துக்காக மார்பில் முத்திரை குத்திக்கொண்டு ஓட மனசு வரவில்லை என்றார். சனிக்கிழமையானால் ஊர் கிளப்புக்காக கரீஸ் பவுண்டனில் இறங்கிவிடுவாராம்.

அந்தத் தலையாட்டல்தான் எங்களுக்குக் கிடைத்த பதில். தென்னாப்பிரிக்க விளையாட்டு மன்றமான சாகோஸ் 1973-இல் தொடங்கியது. இனம் பிரித்து ஆடும் ஆட்டத்தையும், அரசிடம் பெர்மிட் வாங்கி மைதானத்தில் இறங்குவதையும் அது ஏற்கவில்லை. அதன் தலைவராக இருந்த ஹசன் ஹோவாவின் பெயரோடு சேர்த்து நினைக்கப்படும் அந்த வாசகம், இயல்பற்ற சமுதாயத்தில் இயல்பான விளையாட்டு கிடையாது என்பது, டர்பன் வீடுகளில் பழமொழிபோல் புழங்கியது. சாகோஸின் செயலாளராக உழைத்த எம். என். பத்தர் நம் டர்பன்காரர். இங்கே உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து, லண்டனுக்குப் போய் உலகப் போட்டிகளின் கதவை நிறவெறி அரசுக்கு அடைத்துவைக்கப் பாடுபட்ட சாம் ராம்சாமியும் டர்பன்காரர்தான். 1992-இல் தென்னாப்பிரிக்கா பார்சிலோனாவில் மறுபடி ஒலிம்பிக்கில் ஆடியபோது தேசிய ஒலிம்பிக் குழுவின் தலைவர் அவரே.

ஆடாமல் இருந்தவனுக்குக் கோப்பை கிடையாது, சுவரில் படம் கிடையாது. நல்ல கால்பந்து வயசு ஏழெட்டு வருஷம்தான். அதைக் கொடுத்தவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களையும் பல்கலைக்கழக அணிகளின் வரலாற்றில் சேர்க்க வேண்டும் என்று உங்கள் முன் உறுதியாகச் சொல்கிறேன்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இம்பி என்றால் சுலு மொழியில் படை. 1879-இல் இசாண்ட்ல்வானாவில் வெள்ளையர் சேனையை முறியடித்த படையை நினைவுபடுத்தும் சொல். அதில் நமக்கு என்ன பங்கு என்று பெரியவர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் மற்ற பெயர்களைப் பாருங்கள். கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் 'ஐக்கீஸ்' யூத மாணவர்களைக் கேலிசெய்ய எதிராளிகள் வைத்த பெயர். அதையே அவர்கள் பெருமையாக எடுத்துக்கொண்டார்கள். நெல்சன் மண்டேலா பல்கலைக்கழகத்தின் 'மடிபாஸ்' அவருடைய குலப்பெயரிலிருந்து வந்தது. ஸ்டெல்லன்போஷின் 'மேட்டீஸ்' தக்காளிச் சிவப்பு உடையால் வந்ததென்பார்கள், தோழன் என்ற ஆப்பிரிகான்ஸ் சொல்லால் வந்ததென்றும் சொல்வார்கள். யார் ஆடுகிறார்களோ அவர்களுடையதாகிவிடுகிறது பெயர். 1860-இல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து வந்திறங்கிக் கரும்பு வெட்டியவர்களின் பேத்தி, அந்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடுகிறாள். இம்பி அவளுடைய பெயரும்தான்.

நம் இளைஞர்களுக்கு இன்னொன்று. டர்பனில் பிறந்த தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வீரர் செனுரன் முத்துசாமி இதே பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். முன்னோர் நாகப்பட்டினம் பக்கம். 2019-இல் விசாகப்பட்டினத்தில் முதல் டெஸ்ட் ஆடினார். அவருடைய முதல் டெஸ்ட் விக்கெட் விராட் கோலி. 2025 நவம்பரில் கவுகாத்தியில் 109 ரன் அடித்தார். அன்று நம் மன்றத் தொலைக்காட்சி முன்னால் நிற்க இடமில்லை.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். முதல் மூன்று நேர்காணல்களின் ஒலிப்பதிவு போய்விட்டது. என் போனிலிருந்து வேறிடத்தில் நகல் எடுக்காமல் விட்டேன். தவறு என்னுடையது. அவர்களில் இரண்டு பேர் மறுபடி பேச ஒத்துக்கொண்டார்கள். மூன்றாமவர் ஆகஸ்டில் காலமானார். அவர் குடும்பத்தாரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

வரும் ஆண்டுக்கு நிர்வாகக் குழு வைக்கும் தீர்மானம்: கிடைத்த படங்களை நகலெடுத்து ஒரு பிரதியைப் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுப்பது. படகுத்துறையில் பதினொரு பேர் நிற்கும் படம் ஒன்று இருக்கிறது. பின்பக்கம் பென்சிலில் எழுதிய பெயர்களில் நாலு அழிந்துவிட்டன. வாசல் பக்கத்து மேசையில் வைத்திருக்கிறேன். சாப்பிடப் போகும் முன் ஒவ்வொருவரும் பாருங்கள். இடமிருந்து மூன்றாவதாக, சட்டைக் கையை மடித்துவிட்டு நிற்பவரை யாருக்காவது தெரிந்தால் என்னிடம் சொல்லுங்கள்.

செயலாளர்