பர்மிஷன் டினைடு வந்தால் மறுக்கிற கணினியின் லாகைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டில் இருக்கும் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குள் பாஸ்வேர்டு இல்லாமல், கீ என்ற சாவி ஃபைல் மூலம் எஸ்.எஸ்.எச். (ஒரு கணினியிலிருந்து இன்னொன்றைப் பாதுகாப்பாக இயக்கும் முறை) வழியாக நுழைவது எப்படி என்று உங்கள் கணினிப் பக்கத்தில் வந்த குறிப்பைப் படித்தேன். கீ ஜோடி உருவாக்குங்கள், அதில் வெளியே கொடுக்கும் பாதியான பப்ளிக் கீயை அடுத்த கணினியில் சேர்த்துவிடுங்கள், நுழையுங்கள் என்று மூன்றே படியில் முடித்துவிட்டீர்கள். முதல் தடவையே வேலை செய்துவிட்டால் அவ்வளவுதான் விஷயம். ஆனால் கடைசி வரியில், நுழைய முடியாவிட்டால் ஃபோல்டருக்கு 777 பர்மிஷன் (யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம் என்ற அனுமதி) கொடுத்துப் பாருங்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அது கொஞ்சம் நஞ்சம் தவறில்லை, தலைகீழ் யோசனை.

எஸ்.எஸ்.எச். சர்வரில் ஸ்ட்ரிக்ட்மோட்ஸ் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. நாம் எதுவும் செய்யாமலே அது இயங்கிக்கொண்டிருக்கும். உங்கள் ஹோம் ஃபோல்டரிலோ, அதற்குள் இருக்கும் எஸ்எஸ்எச் ஃபோல்டரிலோ, அதற்குள் அனுமதித்த பப்ளிக் கீகளை வைக்கும் ஆதரைஸ்டு கீஸ் ஃபைலிலோ உங்களையும் ரூட்டையும் (முழு அதிகாரம் உள்ள கணக்கு) தவிர வேறு யாரும் எழுத முடியும் என்று தெரிந்தால் அந்த ஃபைலை அது நம்பாது, கீ எவ்வளவு சரியாக இருந்தாலும் நம்பாது. வேறொருவர் எழுத முடிந்தால் அவர் தன் கீயையும் அதில் சேர்த்துவிட்டு உங்கள் பெயரில் உள்ளே வந்துவிடலாம் இல்லையா? ஆக 777 கொடுத்தவருக்கு, அதுவரை சரியாக இருந்த ஒன்றும் கெட்டுப்போகும். எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு 700, ஆதரைஸ்டு கீஸுக்கு 600, இந்தப் பக்கம் நீங்கள் மட்டும் வைத்திருக்கும் பிரைவேட் கீக்கும் 600; இரண்டு எண்ணுமே உங்களுக்கு மட்டும்தான் அனுமதி என்று பொருள். இதைப் பலரும் சொல்வார்கள், ஹோம் ஃபோல்டரைத்தான் மறந்துவிடுவார்கள். குடும்பத்தில் எல்லாரும் ஃபைல் போடட்டும் என்று அதில் குழுவுக்கு எழுதும் உரிமை கொடுத்து வைத்திருந்தால், உள்ளே இருக்கும் 700-உம் 600-உம் எதற்கும் உதவாது.

சரி, இது எல்லாருக்கும் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். தெரிய வேண்டியதில்லை, மறுக்கிற கணினியே எழுதி வைத்திருக்கிறது. நம் திரையில் பர்மிஷன் டினைடு என்று மட்டும் வருவது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. வாசலில் நிற்பவர் யார் என்று தெரியாதபோது பூட்டில் என்ன குறை என்று யாரும் விளக்கிக்கொண்டிருக்க மாட்டார்கள். முழுக் காரணம் அந்தக் கணினியின் லாகில், அதாவது நடந்ததைக் குறித்து வைக்கும் பதிவில், போய் உட்கார்ந்திருக்கும். இரண்டும் நம் வீட்டுக் கணினிகள்தானே, எழுந்து போய் அதன் முன்னால் உட்கார்ந்து பார்க்கலாம். லினக்ஸ் என்றால் ஜர்னல்சிடிஎல் கட்டளை, சிலவற்றில் ஆத் லாக் என்ற ஃபைல். பர்மிஷன் கோளாறாக இருந்தால் பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ் என்ற வரியும், எந்த ஃபோல்டர் என்பதும் அங்கே பச்சையாக இருக்கும். இதைப் பார்க்காமல் கீ மேல் கீயாக உருவாக்கிக்கொண்டே போகிறவர்கள்தான் அதிகம். அத்தனை கீயையும் ஏஜென்ட்டில் (கீகளை நினைவில் வைத்து ஒவ்வொன்றாக நீட்டும் நிரல்) ஏற்றி வைத்திருந்தால் இன்னொரு வம்பு: சர்வர் பொதுவாக 6 முயற்சிகளுக்கு மேல் பொறுக்காது, சரியான கீயின் முறை வருவதற்குள் இணைப்பையே துண்டித்துவிடும்.

இந்தப் பக்கத்துக் கணினியில் செய்ய வேண்டியது ஒன்றுதான், எஸ்.எஸ்.எச். கட்டளையோடு மைனஸ் வி சேர்ப்பது. கொட்டுகிற வரிகளில் ஆஃபரிங் பப்ளிக் கீ என்பதைத் தேடுங்கள். உங்கள் கீயின் பெயர் அங்கே வரவே இல்லை என்றால் கோளாறு இந்தப் பக்கம். வந்தும் சர்வர் ஏற்கவில்லை என்றால் அந்தப் பக்கம். பிரச்சினையில் பாதி இங்கேயே தெளிந்துவிடும்.

கீக்குச் சம்பந்தமே இல்லாத கோளாறுகளும் கீயின் தலையில் விழுகின்றன. கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு என்றால் பெரும்பாலும் அங்கே எஸ்.எஸ்.எச். சர்வரே ஓடவில்லை, அல்லது வேறு போர்ட்டில் ஓடுகிறது, வழக்கமானது 22. டைம்டு அவுட் என்றால் ஃபயர்வாலையோ ஐ.பி. முகவரியையோ பாருங்கள். ரவுட்டர் ஐ.பி.யை மாற்றிக் கொடுத்துவிட்டால் ஹோஸ்ட் கீ (அந்தக் கணினியின் அடையாளக் கீ) மாறிவிட்டது என்ற பெரிய எச்சரிக்கையும் வரலாம், அதற்கு ரவுட்டரில் அந்தக் கணினிக்கு நிலையான ஐ.பி. ஒதுக்கிவிடுவதே நல்லது. இரண்டு கணினியிலும் உங்கள் யூசர்நேம் வேறுவேறு என்றால் கட்டளையிலேயே பெயரைச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் இங்கே இருக்கும் பெயரில்தான் அங்கே போய் நிற்கும். அப்புறம், கீ வைத்தும் பாஸ்வேர்டு கேட்கிறதே என்று புலம்புகிறவர்கள் அந்த வரியை இன்னொரு தடவை படிக்கலாம், பல நேரம் அது கேட்பது பாஸ்ஃபிரேஸ், அதாவது கீக்கு நீங்களே போட்ட பூட்டு. அப்படியென்றால் கீ வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை.

விண்டோஸ் பற்றி உங்கள் குறிப்பில் ஒரு வார்த்தை இல்லை, ஆள் அதிகம் மாட்டிக்கொள்வது அங்கேதான். உள்ளே போகும் கணக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்காக இருந்தால், ஹோம் ஃபோல்டரில் இருக்கும் ஆதரைஸ்டு கீஸை விண்டோஸ் திரும்பியும் பார்க்காது. சி டிரைவில் புரோகிராம்டேட்டா என்று மறைந்திருக்கும் ஃபோல்டருக்குள், எஸ்எஸ்எச் ஃபோல்டரில், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் ஆதரைஸ்டு கீஸ் என்ற தனி ஃபைலில்தான் கீயைப் போட வேண்டும். அந்த ஃபைலுக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர்களும் சிஸ்டமும் தவிர வேறு யாருக்கும் உரிமை இருக்கக் கூடாது. இது தெரியாமல் ராத்திரி முழுக்கப் போராடலாம்.

கணினிகளில் ஒன்று ரொம்பப் பழசு என்றால், 2021-இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.8 முதல் ஷா-1 முறையில் போடும் ஆர்எஸ்ஏ கையொப்பத்தை, நாமாக மாற்றாதவரை, ஏற்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். இடி25519 வகைக் கீ உருவாக்கிக்கொண்டால் தீர்ந்தது, 2014-க்குப் பிந்தைய ஓப்பன்எஸ்எஸ்எச் அதை ஏற்கும்.

கீ வேலை செய்த பிறகு பாஸ்வேர்டு வழியை அடைத்துவிடுங்கள் என்ற உங்கள் யோசனை நல்ல யோசனை, ஆனால் வரிசை முக்கியம். ஏற்கெனவே உள்ளே இருக்கும் விண்டோவை மூடாமல், எஸ்எஸ்எச்டி மைனஸ் டி போட்டு அமைப்பு ஃபைலில் பிழை இல்லை என்று பார்த்து, சர்வரை மறுபடி தொடங்கி, வேறொரு விண்டோவில் நுழைய முடிகிறதா என்று சோதித்த பிறகுதான் முதலாவதை மூட வேண்டும். இன்னொன்று, ஒரே அமைப்பு இரண்டு இடத்தில் எழுதியிருந்தால் சர்வர் முதலில் படித்ததையே எடுத்துக்கொள்ளும். உபுண்டுவில் துணை ஃபைல்களை முதலில் படிக்கச் சொல்லும் வரி முதன்மை ஃபைலின் தொடக்கத்திலேயே இருப்பதால், நீங்கள் கீழே எழுதிய மாற்றம் செல்லாமல் போகலாம்.

அந்த 777 வரிக்கு ஒரு திருத்தத்தை அதே பக்கத்தில், கண்ணில் படும்படி போடுங்கள். வெட்டி எடுத்து வைத்துக்கொண்டவர்கள் இருப்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாளிதழின் வாசகர் ஒருவர்