பின்பக்கச் சுவரில் ஒரு கதவு

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் உறுப்பினர் செயலர் அவர்களுக்கும், நகர வளர்ச்சிக்கான மூன்றாம் மாஸ்டர் பிளான் தயாரிக்கும் குழுவினருக்கும்,

வணக்கம். நான் வளசரவாக்கத்துக்காரன். ஆற்காடு சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி, மூன்று மாடி ஃப்ளாட் ஒன்றில் 22 வருடமாகக் குடியிருக்கிறேன். போன மாதம் எங்கள் குடியிருப்போர் நலச்சங்கச் செயலாளர் ஒரு மனுவோடு வீட்டுக்கு வந்தார். மெயின் ரோட்டில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தை இடித்துத் தகரம் அடைத்திருக்கிறார்கள். அங்கே பதினெட்டு மாடி வருகிறதாம், கட்டிக்கொண்டிருக்கும் மெட்ரோ நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில். 'திட்ட அனுமதி தரக் கூடாது' என்று எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகைக்கு, அதாவது உங்களுக்கு, எழுதிய மனு அது. நாற்பது பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நான் போடவில்லை. செயலாளர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஏன் போடவில்லை என்று அவரிடம் நிதானமாகச் சொல்ல முடியவில்லை. உங்களிடம் சொல்கிறேன். ரயில் பக்கத்தில் உயரமாகக் கட்டுவதற்கு அனுமதி கொடுங்கள் என்பதுதான் என் கட்சியும். ஆனால் இப்போது கொடுக்கிற மாதிரி கொடுக்காதீர்கள்.

இந்த ஊரில் வீடு மேலே போகாவிட்டால் பக்கவாட்டில் போகும். பக்கவாட்டில் இருப்பது ஏரியும் சதுப்பும் வயலும். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் தெருவில் படகு ஓடியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். உங்கள் எல்லையே 2022 அக்டோபரில் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆகிவிட்டது. அவ்வளவு தூரத்துக்கும் குழாய் பதித்து பஸ் விடுவது யாரால் ஆகும்? ரயில் ஓடுகிற இடத்தில் பத்து குடும்பத்துக்குப் பதில் நூறு குடும்பம் இருக்கட்டும் என்பதில் எனக்குத் தகராறு இல்லை. பறக்கும் ரயில் 1995இல் சேப்பாக்கம் வரை வந்தது, 2007இல் வேளச்சேரி வரை நீண்டது. அந்த ஸ்டேஷன்கள் சிலவற்றில் மத்தியான நேரம் நடந்து பாருங்கள், நம் செருப்புச் சத்தம் நமக்கே திரும்பிக் கேட்கும். அவ்வளவு பெரிய கூடத்தைக் கட்டியவர்கள், சுற்றி யார் குடியிருப்பார்கள், அவர்கள் எந்த வழியாக உள்ளே வருவார்கள் என்று யோசித்த மாதிரியே தெரியவில்லை.

உங்கள் விதிகள் உயரத்துக்கு நன்றாகவே இடம் கொடுக்கின்றன. 2019இன் ஒருங்கிணைந்த கட்டட விதிகள்படி 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயர்மாடிக் கட்டடம். தாண்டாத கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ., அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 2. அகலமான சாலையில் உயர்மாடி என்றால் 3.25. பிரீமியம் கட்டணம் கட்டினால் அதற்கு மேல் இன்னொரு பாதி, ஆக 4.87. ஒரு கிரவுண்டு, 2,400 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். (ஒரு கிரவுண்டில் யாரும் உயர்மாடி கட்ட முடியாது, கணக்குக்குச் சொல்கிறேன்.) அந்த மண்ணில் 4,800 சதுர அடி கட்டலாம் என்றிருந்தது கிட்டத்தட்ட 11,700 ஆகிறது. மண் ஓர் அங்குலம் வளரவில்லை. கூடுதலாக வந்த 6,900 சதுர அடி உங்கள் ஆபீஸ் கையெழுத்தில் பிறந்தது.

அந்தச் சதுர அடிகளுக்கு மதிப்பைக் கொடுப்பது பக்கத்தில் ஓடும் ரயில். மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். ஜப்பானிடமும் ஆசிய வளர்ச்சி வங்கியிடமும் இன்னும் சிலரிடமும் கடன் வாங்கிக் கட்டுகிறோம். கடனைக் கட்டப்போவது எல்லோரும்தான். அதனால், அந்தச் சதுர அடிகளில் யார் குடியிருப்பார்கள், அவர்கள் உண்மையிலேயே ரயில் ஏறுவார்களா என்று கேட்க எனக்கும் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். தம்பி மகனுக்கு வீடு பார்க்கப் போனோம், நூறடிச் சாலை மெட்ரோ நிலையம் ஒன்றின் அருகே. கட்டி முடித்து ஆட்கள் குடிவந்துவிட்ட வளாகம், பாக்கி இருந்த சில வீடுகளை விற்றுக்கொண்டிருந்தார்கள். கம்பெனி பெயர் வேண்டாம், இதில் எல்லாரும் ஒன்றுதான். விற்பனைப் பையன் பன்னிரண்டாவது மாடி மாதிரி வீட்டின் பால்கனிக்குக் கூட்டிப்போய்க் கீழே காட்டினான். "சார், மெட்ரோ மூணு நிமிஷம்." எட்டிப் பார்த்தால் ஸ்டேஷன் படிக்கட்டு நம் காம்பவுண்டை ஒட்டித்தான் தெரிந்தது. பொய் சொல்லவில்லை பையன். அறுபது எழுபது அடி இருந்தால் அதிகம்.

கீழே இறங்கி, சரி, ஸ்டேஷனுக்கு நடந்தே போய்விடலாம் என்று கிளம்பினோம். கூட என் அம்மாவும் இருந்தார், முழங்கால் வலிக்காரர். பின்பக்கம் எட்டடிச் சுவர், மேலே கம்பிச்சுருள். கதவு கிடையாது. "செக்யூரிட்டி பிராப்ளம் சார்" என்றார் காவலாளி. முன்வாசலில் இறங்கிப் பக்கத்துத் தெரு வழியாகச் சுற்ற வேண்டும். தெருவில் நடைபாதை என்று ஒன்று இருந்தது, அதன் மேல் மின்வாரியப் பெட்டி, அப்புறம் ஒரு டிரான்ஸ்பார்மர், அப்புறம் வரிசையாக பைக், ஓரிடத்தில் மூடி உடைந்த சாக்கடை மேல் குத்திவைத்த மரக்கிளை. அம்மாவைக் கையைப் பிடித்து ரோட்டில் இறக்கி, ஏற்றி, இறக்கி, படிக்கட்டுக்கு வந்து சேர்ந்தபோது கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பதினாறு நிமிஷம். படியேறும்போது அம்மா கேட்டார்: "ஏண்டா, நாம பார்த்த வீடு இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தானே இருக்கு?"

அந்த வளாகத்தில் மூன்று பெட்ரூம் வீட்டுக்கு இரண்டு கார் பார்க்கிங். பையன் அதைப் பெருமையாகவே சொன்னான். இப்போது யோசித்துப் பாருங்கள், அங்கே குடியிருப்பவர் ஏன் பதினாறு நிமிஷம் நடக்கப்போகிறார்? லிஃப்டில் இறங்கினால் கார். ரயிலைக் காட்டி விலையேற்றி விற்ற வீட்டிலிருந்து தினமும் நூற்றுக்கணக்கில் கார்கள் அதே நூறடிச் சாலையில் இறங்கும். உங்கள் கோப்பில் அது ரயிலுக்குப் பக்கத்து வீடு. காகம் பறக்கும் கணக்கில் அது சரிதான்.

இன்னொரு பக்கம். எங்கள் ஃப்ளாட்டில் இரண்டு வீட்டில் வேலை செய்யும் அக்கா ஒருவர் ஊரின் தெற்கு ஓரத்துப் பெரும்பாக்கத்திலிருந்து வருகிறார். ஆற்றங்கரையில் இருந்த அவர்கள் குடிசைகளை எடுத்து அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். கீழே ஸ்டில்ட் என்கிற தூண் தளம், அதற்கு மேல் ஏழு மாடி, வரிசை வரிசையாக, 20,000 அளவுக்கு வீடுகள். அதுவும் உயர்ந்த கட்டடம்தான் பாருங்கள், ஏழைகளுக்கு உயரம் வேண்டும் என்று அரசாங்கத்துக்குத் தெரிந்துதான் இருக்கிறது. ஆனால் கட்டியது ரயில் இல்லாத இடத்தில். அக்கா நாலரைக்கு எழுந்து இரண்டு பஸ் மாறி ஏழரைக்கு வருகிறார். பெண்களுக்கு ஒயிட் போர்டு போட்ட சாதாரண பஸ்ஸில் கட்டணம் இல்லை, அதனால் காசு பிரச்சினை இல்லை என்பார். நேரம்தான். "பிள்ளை தூங்கறப்ப கெளம்பறேன், தூங்கினப்புறம் போறேன்." மெட்ரோ ஐந்தாம் வழித்தடத்தில் பெரும்பாக்கம் என்று ஒரு நிலையம் வருகிறது, சந்தோஷம். ஆட்களைக் கொண்டுபோய் இறக்கி இத்தனை வருடத்துக்கு அப்புறம். கிளாம்பாக்கத்திலும் இதே கதைதான். 2023 டிசம்பரில் நீங்களே கட்டிய பேருந்து முனையத்தைத் திறந்தபோது, தண்டவாளம் பக்கத்திலேயே ஓடியும் ரயில் நிற்க ஸ்டேஷன் இல்லை. பெட்டியும் குழந்தையுமாக ஜனம் வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் அலைந்தது. (இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, மன்னிக்கவும்.)

ரயிலில் கட்டாயம் ஏறுகிறவர் அந்த அக்கா. நூறடிச் சாலையில் ரயிலுக்குப் பக்கத்தில் அவர் மாதிரி ஒருவருக்குக்கூட வீடு இல்லை. விதி இல்லாமல் இல்லை. உங்கள் இரண்டாம் மாஸ்டர் பிளான் விதிகளிலேயே, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டுகிறவர் 10 சதவீத இடத்தைக் குறைந்த வருமானக்காரர்களின் வீடுகளுக்கு ஒதுக்க வேண்டும், ஒவ்வொரு வீடும் 45 சதுர மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று இருந்தது. மனைக்குள் முடியாவிட்டால் இரண்டு கிலோமீட்டர் சுற்றளவில் கொடுக்கலாம். 2008 முதல் அப்படிக் கட்டிய வீடுகள் எத்தனை, எங்கே, யார் குடியிருக்கிறார்கள் என்ற பட்டியலை மூன்றாம் மாஸ்டர் பிளானின் முதல் பக்கத்தில் போடுங்கள். மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுக் கொள்கை, ரயில் நிலையத்தைச் சுற்றி 500 முதல் 800 மீட்டருக்குள் கட்டுவதில் 30 சதவீதம் போல ஒரு குறைந்தபட்சப் பங்கைக் கட்டுப்படியாகும் வீடுகளுக்குக் கட்டாயமாக வைக்க வேண்டும் என்கிறது. ஸ்டேஷன் பக்கத்தில் கூடுதல் எஃப்.எஸ்.ஐ. கேட்கிறவரிடம் 'அதில் மூன்றில் ஒரு பங்கு சின்ன வீடு' என்று சொல்வதில் என்ன கஷ்டம்? சலுகை கேட்பவர் அவர்தானே.

சிங்கப்பூரில் இதை வேறு மாதிரி கையாளுகிறார்கள். 2024 அக்டோபரிலிருந்து, எம்.ஆர்.டி. என்கிற அவர்கள் மெட்ரோவின் பக்கம் போன்ற நல்ல இடத்தில் கட்டும் அரசு வீடுகளைத் தனி வகையாகப் பிரித்து, வாங்கினால் பத்து வருடம் குடியிருந்தே ஆக வேண்டும், விற்கும்போது கூடுதல் மானியத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தர வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். இங்கே அப்படியே செய்ய முடியாது, அங்கே கட்டுவதே அரசு. ஸ்டேஷன் பக்கம் என்பதால் வரும் விலை பொதுப்பணத்தில் வந்தது என்று ஒத்துக்கொள்கிறார்களே, அதைச் சொன்னேன்.

இனி எங்கள் சங்கத்து மனு. அதில் இருக்கும் பயத்தை நான் சிறுபிள்ளைத்தனம் என்று சொல்ல மாட்டேன். மௌலிவாக்கம் எங்களுக்குப் பக்கத்து ஊர். 2014 ஜூன் 28, சாயங்காலம் மழை. கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்தது, 61 பேர் போனார்கள், பெரும்பாலும் வெளியூரிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள். அதற்கு அனுமதி உங்கள் ஆபீஸ் கொடுத்தது. பக்கத்தில் மிச்சமிருந்த அதன் ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்ததை எங்கள் தெருக்காரர்கள் மொட்டை மாடியில் நின்று பார்த்தார்கள். ஆகவே 'பதினெட்டு மாடி' என்று கேட்டதும் எங்கள் வயிறு கலங்கினால், அது கற்பனை இல்லை.

தண்ணீர் அடுத்தது. 2019 ஜூனில் எங்கள் தெருவில் லாரிக்கு டோக்கன் போட்டோம். புது வளாகம் வந்து ஆழமாக போர் போட்டால் எங்கள் போர் வற்றும், அப்புறம் அவர்களும் நாங்களும் ஒரே லாரிக்காரரிடம் நிற்போம். கழிவுநீர்க் குழாயின் அளவு எங்கள் தெருவில் தனி வீடுகள் இருந்த காலத்தது. இதற்கு மட்டும் ஒரு மனு எழுதினால் முதல் கையெழுத்து என்னுடையது என்று செயலாளரிடம் சொல்லியனுப்பியிருக்கிறேன்.

எங்களுக்கு உண்மையான கோபம் எதில் என்றால், தகரம் அடைத்த பிறகுதான் விஷயமே தெரிகிறது. அக்கம்பக்கத்தாரைக் கேட்கும் வழக்கமே இல்லை. 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டினால் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும், அதிலும் கட்டடங்களுக்குக் கருத்துக்கேட்பு கிடையாது. அனுமதி கேட்டு விண்ணப்பம் வந்த அன்றே மனை வாசலில் ஒரு பலகை வைக்கச் சொல்லுங்கள்: எத்தனை மாடி, எத்தனை வீடு, எத்தனை கார், தண்ணீர் எங்கிருந்து, ஸ்டேஷனுக்கு வழி எது. தமிழில், ரோட்டிலிருந்து படிக்கிற எழுத்தில். முப்பது நாள் கொடுங்கள். பாதி மனுக்கள் வராது.

அப்புறம் தூரம். 500 மீட்டர் என்பதை வரைபடத்தில் வட்டம் போட்டு அளக்காதீர்கள். கட்டடத்தின் லிஃப்ட் வாசலிலிருந்து ஸ்டேஷன் படிக்கட்டு வரை நடந்து அளக்கச் சொல்லுங்கள். அந்த வழி மழையில் சக்கர நாற்காலி போகிற மாதிரி இல்லாவிட்டால் பணி நிறைவுச் சான்றிதழ் கொடுக்காதீர்கள். பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. என்று வாங்குகிற பணத்தில் ஒரு பங்கை அந்த ஸ்டேஷனைச் சுற்றிய நடைபாதைக்கே செலவழிக்கலாம், டிரான்ஸ்பார்மரைத் தள்ளிவைக்கவும் பணம் வேண்டுமே. கார் பார்க்கிங்குக்கு ஸ்டேஷன் பக்கத்தில் குறைந்தபட்சம் என்ற விதியை எடுத்துவிட்டு அதிகபட்சம் என்று வையுங்கள். வீட்டுக்கு ஒன்று, அதுவும் தனி விலை. வேண்டாதவர் அந்தக் காசை மிச்சம் பிடிக்கட்டும்.

கல்யாண மண்டப மனையின் பின்பக்கம் எங்கள் தெருவைத் தொடுகிறது. முன்பக்கம் ஆற்காடு சாலை, ஸ்டேஷன். அந்த மனை வழியாக ஆறடி அகலத்தில் பொதுவழி ஒன்று விட்டு, பின்பக்கச் சுவரில் பகல் நேரம் திறந்திருக்கும் கதவு ஒன்று வைத்தால், எங்கள் தெருவில் இருக்கும் அறுபத்துச் சொச்சம் வீடுகளும் நாலு நிமிஷத்தில் ரயில் ஏறலாம். இல்லாவிட்டால் நாங்களும் சுற்றித்தான் போக வேண்டும். இந்த வாரம் அதை வரைந்து செயலாளர் வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தேன். நேற்று ராத்திரி போன் செய்தார். மனுவைத் திரும்ப எழுதலாமா என்று கேட்டார், கதவுக்கு எத்தனை மணிக்குப் பூட்டு என்பதில் மட்டும் இன்னும் சண்டை.

திருத்திய மனு அடுத்த வாரம் உங்களுக்கு வரும். அதில் என் கையெழுத்து இருக்கும்.

இப்படிக்கு,
ஆற்காடு சாலைக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவன்