மகளுக்கு: மலைக்கு எந்த வண்டி?

அன்புள்ள அம்மிணி,

ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி பைக்கைப் புதுசாக வாங்குவதா, உன் ஆபீஸ் நண்பர் விற்கும் பெரிய சுசுகி பைக் வி-ஸ்ட்ரோம் 650 எக்ஸ்டியை எடுப்பதா என்று கேட்டிருந்தாய். சண்டிகரில் இருந்துகொண்டு ஸ்பிதிக்கும் லடாக்குக்கும் போக நினைக்கிறவளுக்கு என் பதில் எக்ஸ்பல்ஸ்தான். ஏன் என்று விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் எடை. எக்ஸ்பல்ஸ் பெட்ரோலோடு சுமார் 160 கிலோ, வி-ஸ்ட்ரோம் 216. சீட் உயரம் 825, 835 மி.மீ. என்று கிட்டத்தட்ட ஒன்றாகவே இருப்பதால், ஷோரூமில் ஏறி உட்கார்ந்து பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. சரளையில் ஒரு கால் வழுக்கி வண்டி லேசாகச் சாயும்போதுதான் தெரியும். சின்ன வண்டியை ஒரு காலை ஊன்றி நிமிர்த்திவிடலாம். பெரியதில் இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் பை என்று 250 கிலோவைத் தொட்டுவிட்டால், ஓர் அளவுக்கு மேல் சாய்ந்ததை யாராலும் பிடிக்க முடியாது. பிடிக்கப் போகாதே, முதுகு போய்விடும். விட்டுவிட்டு விலகு.

விழுந்ததைத் தூக்கவும் ஒரு முறை உண்டு. முதலில் இக்னிஷனை அணை, பைகளைக் கழற்று. வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்பே இறக்கி, கியரைப் போட்டுவிடு. முன் சக்கரம் தரையைப் பார்க்கும்படி ஹேண்டிலை முழுக்கத் திருப்பு. சீட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் கீழே இருக்கும் கிரிப்பையும் மறு கையால் பின்பக்கக் கம்பியையும் பிடித்து, இடுப்பால் சீட்டைத் தள்ளிக்கொண்டே பொடி அடியாகப் பின்னால் நட. பலம் காலிலிருந்து வர வேண்டும், கையிலிருந்து அல்ல. சமதளத்தில் இப்படி வி-ஸ்ட்ரோமையும் தூக்கிவிடலாம். ஓடைக்கு நடுவே, 4,000 மீட்டருக்கு மேல், அதுவும் மூன்றாவது முறையாக என்றால் நடக்காது.

இனி நீ போகிற பாதையைப் பார். சிம்லா, ரெக்காங் பியோ, தாபோ வழியாக ஸ்பிதியில் இருக்கும் காஸாவுக்குப் போனால் பெரும்பாலும் தார் ரோடு. எந்த வண்டியும் போகும். ஆனால் திரும்பும்போது குன்சும் லா கணவாய் ஏறி மணாலி வருவேன் என்கிறாய். அங்கே பாத்தலிலிருந்து கிராம்பூ வரை ஏறக்குறைய 50 கி.மீ. உருளைக்கல்லும் ஓடையும்தான், வேகம் 15, 20ஐத் தாண்டாது. வி-ஸ்ட்ரோமுக்குத் தரையிலிருந்து இடைவெளி 170 மி.மீ., எக்ஸ்பல்ஸுக்கு 220. அதைவிட முக்கியம், வி-ஸ்ட்ரோமில் ஆயில் ஃபில்டரும் சைலன்சர் குழாயும் என்ஜினுக்கு முன்னாலேயே திறந்து கிடக்கும். முன் டயர் தெறிக்கிற கல் நேராக அங்கேதான் போய் அடிக்கும். என்ஜினுக்கு அடியில் மாட்டும் காப்புத் தகடு, நல்ல பேஷ் பிளேட், இல்லாமல் அந்த வண்டியை அந்த ரோட்டில் இறக்கவே கூடாது. பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸை அதில் அணைக்க ஸ்விட்சும் கிடையாது. சரளை இறக்கத்தில் பின் பிரேக்கை மிதித்தால் சக்கரம் பிடிக்காமல் விட்டு விட்டு உருளும், நிற்கும் தூரம் நீளும். எக்ஸ்பல்ஸில் ஏபிஎஸ் முன் சக்கரத்துக்கு மட்டும்தான். பின் சக்கரத்தைப் பூட்டி இறங்கலாம்.

'எக்ஸ்பல்ஸின் 19 குதிரைத்திறன் மலைக்குப் போதுமா' என்பது நியாயமான கேள்வி. குன்சும் 4,500 மீட்டருக்கு மேல். காற்று மெலிந்திருப்பதால் எந்த என்ஜினும் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழக்கும். ஃபியூயல் இன்ஜெக்ஷன் பெட்ரோல், காற்றுக் கலவையைச் சரிசெய்யும், இல்லாத காற்றைக் கொண்டுவராது. ஆக உன்னிடம் 12 மிஞ்சும். முதல் கியரில் முனகிக்கொண்டே ஏறும், ஆனால் ஏறும். ஏற்றத்தில் இழுவை கூட வேண்டுமானால், செயின் ஓடும் முன் பல்சக்கரத்தில் (ஸ்பிராக்கெட்) ஒரு பல் குறைத்தால் பின்னால் மூன்று பல் கூட்டியதற்குச் சமம். செலவும் குறைவு, ஊர் திரும்பியதும் மாற்றிக்கொள்ளலாம்.

பெட்ரோல் கணக்கிலும் சின்ன வண்டி தோற்காது. 13 லிட்டர், லிட்டருக்கு 35 என்றால் 455 கி.மீ. வி-ஸ்ட்ரோமின் 20 லிட்டர், 22 கி.மீ. கணக்கில் 440. லே போகும்போது தாண்டி என்ற ஊரை விட்டால் அடுத்த பெட்ரோல் பங்குக்கு 365 கி.மீ. என்று போர்டே வைத்திருக்கிறார்கள். ஏற்றத்தில் மைலேஜ் குறையும், அதனால் எந்த வண்டியானாலும் 3 லிட்டர் கேனில் வேண்டும்.

பஞ்சரில் வி-ஸ்ட்ரோம்தான் ஜெயிக்கும். ட்யூப்லெஸ், ஆணியைப் பிடுங்கி, பிளக்கைச் சொருகி, காற்றடித்துக் கிளம்பலாம். உன் வண்டியில் ட்யூபைக் கழற்ற வேண்டும். முன்னால் 21 இன்ச், பின்னால் 18. இரண்டு ட்யூப் சுமக்க இடமில்லை என்றால் 21ஐ மட்டும் எடு. அவசரத்துக்கு மடித்துப் பின் சக்கரத்தில் திணித்து ஊர் சேரலாம். 18ஐ 21க்குள் இழுத்துப் போட முடியாது. புது ட்யூபை மாட்டும்போது பாதிப் பேர் டயர் லீவராலேயே அதைக் கடித்து ஓட்டை போடுவார்கள். லீவருக்கு எதிர்ப்பக்கம் டயரின் ஓரத்தை முட்டியால் அழுத்தி, ரிம்மின் நடுப் பள்ளத்தில் இறக்கிவிட்டால் இந்தப் பக்கம் தளரும். பலம் போடவே வேண்டாம். ட்யூபில் கொஞ்சம் பவுடர் தடவி, வடிவம் வரும் அளவுக்கு மட்டும் காற்றடித்துவிட்டு உள்ளே தள்ளு. சரளைக்காகக் காற்றைக் குறைப்பதானால் வழக்கமான அளவிலிருந்து நாலைந்து பிஎஸ்ஐ மட்டும் குறைத்தால் போதும். அதற்கு மேல் குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே ட்யூப் நசுங்கி இரட்டை ஓட்டை விழும்.

சண்டிகரிலிருந்து கோயம்புத்தூருக்கே ஓட்டி வருவேன் என்றால் பேச்சே வேறு. நாள் முழுக்க 100ல் போக வி-ஸ்ட்ரோம் சுகம். எக்ஸ்பல்ஸ் 85க்கு மேல் கையை மரக்க வைக்கும். ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை வரப்போவதற்கு வண்டியை ரயிலில் பார்சல் போடலாம். நடுவில் ஒன்று வேண்டுமானால் ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450 இருக்கிறது: 196 கிலோ, 40 குதிரைத்திறன். நீ 52 கிலோ என்பதால்தான் அதை முதலில் சொல்லவில்லை.

வாங்கியதும் இவற்றைச் செய்துவிடு. பிரேக், கிளட்ச் லீவர்களின் கிளாம்ப் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி வை. விழும்போது லீவர் உடையாமல் சுழன்று கொடுக்கும். உதிரி கிளட்ச் கேபிளைப் பழையதன் பக்கத்திலேயே ஓட்டிக் கட்டிவிடு. வழியில் அறுந்தால் முனைகளை மட்டும் மாற்றினால் போதும். செயின் தளர்வை ஸ்டாண்டில் பார்த்து இறுக்காதே. இந்த மாதிரி வண்டியில் சஸ்பென்ஷன் ரொம்ப இறங்கும். அப்படி இறங்கும்போது நடுவில் ஓரிடத்தில் செயின் முழு இறுக்கத்துக்கு வரும். நீ ஏறி உட்கார்ந்தபின்னும் தளர்வு மிச்சம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கியர்பாக்ஸ் பேரிங்தான் பலியாகும். புது வண்டியில் முதல் 500 கி.மீ.க்குள் சக்கரத்தின் ஆரங்கள் (ஸ்போக்) தளரும். ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார், 'டிங்' என்று கேட்காமல் 'டொக்' என்று கேட்பது தளர்ந்தது. முதல் சர்வீஸில் அவர்களாகப் பார்க்க மாட்டார்கள், நீதான் கேட்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா