படைப்பு வீட்டுத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புடைய பங்காளிகளுக்கும் ஆச்சிமார்களுக்கும் திருப்பணிக் குழுவினரின் வணக்கம்.

முன்னோருக்குப் படையலிட்டு வழிபடும் நம் படைப்பு வீட்டுத் திருப்பணி அவர்கள் அருளால் நிறைவுற்றது. மறைந்த பத்திரிகையாளர் அண்ணனின் நினைவாக இப்பணியைச் செய்வதென்று பங்காளிகள் கூட்டத்தில் முடிவானபோது, அவருக்கு ஒரு படிப்பகம் கட்டுவதுதானே பொருத்தம் என்று சிலர் கேட்டார்கள். அதற்கு விடை சொல்லிவிட்டே வேலை விவரத்துக்கு வருகிறோம்.

காரைக்குடியில் ‘ஊழியன்’ இதழை நடத்திய ராய. சொக்கலிங்கனார் (1898–1974) போலப் பத்திரிகைத் தொழிலையும் சிவநெறியையும் ஒன்றாகக் கொண்டு வாழ வேண்டும் என்பது அண்ணன் இளமையிலேயே வரித்துக்கொண்ட எண்ணம். சென்னையில் நாளிதழ்ப் பணியில் இருந்த காலமெல்லாம், தேர்தல் நேரமாயினும் விடுப்புப் பெற்று, படைப்புக்கு முதல்நாள் மாலையே ஊருக்கு வந்து சேர்ந்துவிடுவார். பார்வை மங்கிய தம் ஆத்தாளுக்குத் தலைப்புச் செய்தி முதல் இரங்கல் விளம்பரம் வரை படித்துக் காட்டுவது ஊரில் இருக்கும் நாட்களில் அவருடைய காலைக் கடமை. தைப்பூசத்துக்குக் காவடியுடன் குன்றக்குடி வழியாகப் பழநிக்குப் பலமுறை நடந்திருக்கிறார். அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை. வேண்டுதல் செய்தியாகாது என்பது அவர் கொள்கை.

ஆனால் படைப்பைப் பற்றி எழுதினார், அச்சுக்காக அல்ல. எந்த முன்னோருக்குச் சேலை, எவருக்கு வேட்டி வைத்துப் படைப்பது, படைப்புத் துணிகள் இருக்கும் பேழையை இறக்குபவர் யார், சமையலில் எவை விலக்கு என்பனவற்றை வயதான ஆச்சிமார்களிடம் தனித்தனியே கேட்டு, மூவர் சொன்னது ஒத்துவந்தால் மட்டுமே ஒரு குறிப்பேட்டில் பதிந்து வைத்தார். ஒத்து வராதவற்றை அழிக்காமல் ஓரத்தில் யார் சொன்னது என்று குறித்தார். பெயர் மறந்துபோன இரண்டு பாட்டிமாரின் பெயர்களை அவர்தாம் மீட்டுத் தந்தார். அப்படிப்பட்டவரின் நினைவை அவர் ஆண்டுதோறும் வந்து நின்ற கூரையின்கீழ் வைப்பதே முறை என்று குழு கருதியது.

இனி வேலை. முன்பு ஒருமுறை பழுதுபார்த்தபோது சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டு பூசியிருந்தார்கள். ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கிப் பூச்சு பொருமிப்போயிருந்தது. அதை முழுவதும் கொத்தி எடுத்துவிட்டு, ஊறவைத்த சுண்ணாம்பில் கடுக்காய்ச் சாறும் வெல்லமும் சேர்த்து, மேற்பூச்சுக்கு முட்டை வெள்ளைக் கருவும் கூட்டிப் பழைய முறையிலேயே பூசினோம். முதலில் அமர்த்திய ஒப்பந்தக்காரர் நமக்குத் தெரியாமல் பின்சுவரில் மறுபடியும் சிமெண்டைக் கலந்துவிட்டதால், அதைப் பெயர்த்து மீண்டும் செய்ய நேர்ந்தது. மேற்பார்வையில் குழு தவறியதே இதற்குக் காரணம். அச்செலவைத் திருப்பணிக் கணக்கில் சேர்க்காமல் குழுவினரே ஏற்றுக்கொண்டோம். ஐப்பசி மழையும் குறுக்கிட்டதால் பணி எதிர்பார்த்ததைவிடத் தாமதமாயிற்று. சுண்ணாம்பு காற்றை உண்டுதான் இறுகும், அவசரப்படுத்த இயலாது.

கூரையில் உடைந்த நாட்டு ஓடுகளை மட்டும் மாற்றினோம். தேக்கு நிலைகளுக்கு எண்ணெய் பூசியதோடு சரி. முகப்பில் உடைந்திருந்த தரைக்கு ஆத்தங்குடிக் கற்களைப் பதித்தோம். அவை சூளையில் சுடப்படாமல், கண்ணாடிமேல் வண்ணச் சாந்து வார்த்துத் தண்ணீரில் ஊறவைத்துச் செய்யப்படுவன என்பதால், அமிலம் கலந்த கழுவுபொருள் எதையும் பயன்படுத்தலாகாது. ஈரத்துணியால் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடமும் சொல்லியிருக்கிறோம்.

அண்ணனின் படத்தை உள்ளே மாட்ட வேண்டும் என்ற கருத்தை நெடுநேரம் விவாதித்தோம். முன்னோரைத் தவிர எவருக்கும் அங்கு இடமில்லை என்று ஆச்சிமார்கள் உறுதியாகச் சொன்னதை அண்ணனின் குடும்பத்தாரும் மனமுவந்து ஏற்றார்கள். ஆகவே படமும் இல்லை, கல்வெட்டும் இல்லை. குறிப்பேட்டின் நகல் ஒன்று முகப்பு மாடத்தில் வைக்கப்பட்டுள்ளது.

புள்ளிவாரி (குடும்பவாரி) வரவும் இனவாரிச் செலவும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன. ரசீதுகளைக் காண விரும்புவோர் எந்நாளும் குழுவினரிடம் கேட்டுப் பார்க்கலாம். குறிப்பேட்டின் ஓரத்தில் ஒத்து வராதவையாக நிற்கும் செய்திகளைப் பற்றித் தெரிந்தவர்கள் வரும் படைப்புக்கு முதல்நாள் மாலையே வந்து சொல்லுமாறு வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
திருப்பணிக் குழுவினர்