‘சச்சினா? கோலியா?’ என்று கேட்கும் எங்கள் பகுதிப் பொங்கல் விழாக் குழுவினருக்கு

மதிப்பிற்குரிய விழாக் குழுவினருக்கு,

வணக்கம். செல்லூரில் பாலம் இறங்கும் இடத்தில் நீங்கள் கட்டியிருக்கும் ஃபிளெக்ஸைப் பார்த்தேன். பின்னால் தெற்குக் கோபுரம், முன்னால் சச்சினும் கோலியும், கீழே குழுவினர் அத்தனை பேரின் போட்டோவும். பட்டிமன்றத் தலைப்பு: ‘எக்காலத்திலும் சிறந்த பேட்ஸ்மேன் சச்சினா? கோலியா?’ மாமியாரா மருமகளா என்ற தலைப்பிலிருந்து ஒரு வருஷமாவது எங்களுக்கு விடுதலை கொடுத்ததற்கு முதலில் நன்றி.

ஆனால் ‘எக்காலத்திலும்’ என்று போட்டுவிட்டு, ஒரே அணியில் சேர்ந்து ஆடிய இருவரை நிறுத்தியிருக்கிறீர்கள். 2011 உலகக் கோப்பையை வென்ற இரவு சச்சினைத் தோளில் தூக்கிச் சுற்றியவர்களில் கோலியும் ஒருவர். சச்சின் வந்த 1989க்கு முன்னால் யாரும் மட்டை பிடிக்கவில்லையா? உள்ளூர் டோர்னமென்ட்டுகளில் ஸ்கோர்புக் எழுதுகிறவன் என்ற உரிமையில் கேட்கிறேன்.

மேடையில் என்ன நடக்கும் என்று இப்போதே தெரியும். ஒரு அணி 15,921 டெஸ்ட் ரன், 100 சர்வதேச சதம் என்று முழங்கும். மறு அணி விரட்டிப் பிடித்த ஒருநாள் ஆட்டங்களை அடுக்கும். கைதட்டல் யாருக்கு அதிகமோ அந்தப் பக்கம் தீர்ப்பு. இந்த மொத்தக் கணக்குகள் காலத்தைத் தாண்டிப் பேசுமா என்பதுதான் என் கேள்வி.

அலங்காநல்லூரையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று மாடுபிடி வீரர்கள் கலர் பனியன் போட்டுச் சுற்றுச் சுற்றாக இறங்குகிறார்கள். அதிக மாடு பிடித்தவருக்குக் கார். கொம்பில் கட்டிய துண்டை அவிழ்த்து வந்த காலத்து ஆளிடம் போய், “ஐயா, நீங்க மொத்தம் எத்தனை மாடு?” என்று கேட்டால் சிரிப்பார். அவர் இறங்கிய ஆட்டமே வேறு.

கிரிக்கெட்டிலும் அப்படித்தான். 1930-களின் நடுப்பகுதி வரை, ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே குத்தி உள்ளே வந்த பந்து காலில் பட்டால் எல்.பி.டபிள்யூ அவுட் கிடையாது. மட்டை பிடித்தவருக்கு அது கொண்டாட்டம். அதே ஆள் மழையில் நனைந்து காய்ந்த, மூடாத பிட்சில் ஹெல்மெட் இல்லாமல் நின்றார், அது திண்டாட்டம். டெஸ்டில் முதன்முதலாக ஹெல்மெட் போட்டு ஆடியது 1978இல், ஆஸ்திரேலியாவின் கிரஹாம் யாலப். ஒரு ஓவரில் எத்தனை பவுன்சர் (தலைக்கு எகிறும் பந்து) போடலாம் என்பதற்கு 1990-களில்தான் கட்டுப்பாடு வந்தது. மட்டையின் விளிம்பு 40 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2017இல் சட்டம் போட வேண்டியிருந்தது. அதற்குள் மட்டை எவ்வளவு தடித்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியானால் ஒப்பிடவே கூடாதா? ஒப்பிடலாம். ஒருவரை அவர் காலத்தில், அதே பிட்சில், அதே மாதிரி மட்டையோடு ஆடியவர்கள் பக்கத்தில் முதலில் நிறுத்துங்கள். அவர்களைவிட எவ்வளவு உயரம் என்று பாருங்கள். அப்புறம் அந்த உயரத்தைத்தான் காலம் தாண்டி ஒப்பிட வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் பிராட்மேன் 52 டெஸ்டில் எடுத்த சராசரி 99.94. “அந்தக் காலத்தில் எல்லாம் சுலபம்ங்க” என்று டீக்கடையில் சொல்வார்கள். சுலபம் என்றால் மற்றவர்களும் 80, 90 என்று போயிருக்க வேண்டுமே? இங்கிலாந்தின் ஹேமண்ட் 58.45இல் நிற்கிறார். அதே அணியின் ஹட்டன் 56.67. வெஸ்ட் இண்டீஸின் ஜார்ஜ் ஹெட்லி 60.83. சொத்தை அணிகளை அடித்துச் சேர்த்தது என்று அடுத்த வாதம் வரும். ஓரளவு உண்மை, 1947-48இல் நம்மையே 178.75 சராசரியில் வெளுத்தார். சரி, நம்மையும் தென்னாப்பிரிக்காவையும் வெஸ்ட் இண்டீஸையும் கழித்துவிடுங்கள். இங்கிலாந்துக்கு எதிரான 37 டெஸ்ட் மட்டும் மிச்சம். அதிலும் 89.78. இங்கிலாந்து தன் வேகப் பந்துவீச்சாளர் லார்வுட்டை வைத்து உடம்பைக் குறிபார்த்துப் போட்ட 1932-33 தொடரில் அவரை 56.57க்கு இறக்கினார்கள். அதைத் தோல்வி என்று எழுதினார்கள்; கிட்டத்தட்ட ஹட்டனின் வாழ்நாள் சராசரி அது!

அவரிடமும் ஒரு ஓட்டை உண்டு. ஆடிய 52 டெஸ்டும் ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும்தான். சேப்பாக்கத்து நான்காம் நாள் புழுதியில் அவர் நிற்கவே இல்லை. எந்த எண்ணாலும் அந்த ஓட்டையை அடைக்க முடியாது. ஆனாலும் அவரை மேடையேற்றினால் பட்டிமன்றம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், சமோசாகூட வந்து சேர்ந்திருக்காது. ஆகவே அவரை விட்டுவிடலாம்.

நான் கவாஸ்கர் கட்சி. ஹெல்மெட் இல்லாமல் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக 13 சதம் என்பதுதான் எங்கள் கட்சியின் கொடி. ஆனால் ஸ்கோர்புக்கைத் திறந்தால் அந்தப் பதின்மூன்றும் ஒரே எடை இல்லை. நான்கு 1971இல் வந்தவை. ஒரே தொடரில் 774 ரன், அறிமுகத் தொடர் வேறு, பிரமாதம்தான். ஆனால் நான்கு வேகப் பந்துவீச்சாளர்களை வைத்து மிரட்டிய அணி அப்போது இன்னும் உருவாகவில்லை. இன்னொரு நான்கு 1978-79இல்; கெர்ரி பேக்கர் என்ற முதலாளி தனியாக நடத்திய தொடருக்குப் போனதால் அவர்களின் பெரிய தலைகள் வராத தொடர் அது. அந்த எட்டையும் எதிரணி தாராளமாகக் கழித்துக்கொள்ளட்டும். மிச்சம் இருக்கும் ஐந்தை வைத்தே நான் வாதாடுவேன். அதில் ஒன்று 1976இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் 403 ரன்னை விரட்டி வென்றபோது அடித்த 102. இன்னொன்று 1983 டிசம்பரில் சேப்பாக்கத்தில். தொடக்கம் வேண்டாம் என்று நான்காவது ஆளாக இறங்கினார். வெஸ்ட் இண்டீஸ் வேகப் பந்துவீச்சாளர் மார்ஷல் போட்ட போட்டில் இரண்டு விக்கெட் போயிருந்தது, ஸ்கோர் பூஜ்யம். ஆக, தொடக்க ஆட்டக்காரர் மாதிரியேதான் வர வேண்டியிருந்தது. ஆட்டமிழக்காமல் 236. பிராட்மேனின் 29 சதத்தைத் தாண்டிய முப்பதாவது சதம் அதுதான்.

எதிரணியினர் 1975 உலகக் கோப்பையில் அவர் 174 பந்தில் எடுத்த 36ஐ எடுத்து வீசுவார்கள். வீசட்டும். அதற்கு எங்களிடமும் பதில் இல்லை.

இந்த அளவுகோலை உங்கள் இருவருக்கும் வைத்துப் பாருங்கள். டெஸ்ட் சராசரி சச்சினுக்கு 53.78, கோலிக்கு 46.85, எண்ணை மட்டும் பார்த்தால் பேச ஒன்றுமே இல்லை. ஆனால் 2019 முடிவில் கோலியின் சராசரி 55ஐ ஒட்டி இருந்தது. அதன் பிறகு ஐந்தரை ஆண்டில் மூன்றே டெஸ்ட் சதம். பந்துவீச்சாளர்களுக்குச் சாதகமான பிட்ச்கள் என்று மேடையில் அவருக்காகப் பேசும் அணி சொல்லும். அவரோடு ஆடிய புஜாரா, ரஹானே சராசரிகளும் அப்போது சரிந்தன. நியாயமான வாதம். ஆனால் அதே ஆண்டுகளில் இங்கிலாந்தின் ஜோ ரூட் சதம் சதமாகக் குவித்தாரே? மறுபக்கம், சச்சின் அணி 2000-களின் ரன்களை அதிகம் நம்பக் கூடாது. அப்போது 50க்கு மேல் சராசரி வைத்திருந்தவர்கள் ஒரு பெரிய கூட்டமே உண்டு. அவர்கள் பேச வேண்டியது 1990-களை. வாசிம், வக்கார், அம்ப்ரோஸ், டொனால்ட், மெக்ராத், வார்ன் என்று திரும்பிய பக்கமெல்லாம் மிரட்டும் பந்துவீச்சாளர்கள் இருந்த காலம். 1999இல் பாகிஸ்தானுக்கு எதிராக முதுகுவலியோடு அடித்த 136ஐ, நாம் 12 ரன்னில் தோற்றோம் என்பதற்காகத் தள்ளிவிடக் கூடாது. என்னைக் கேட்டால், ஐம்பத்தொரு டெஸ்ட் சதத்தில் கனமான ஒன்று அது.

ஒருநாள் போட்டியை இதில் கலக்காமல் இருப்பது நல்லது. இரண்டு முனைக்கும் தனித்தனிப் புதுப் பந்து 2011இல் வந்த பிறகு பந்து பழசாவதே குறைந்துபோனது. பழசான பந்து எதிர்ப்பக்கம் வளையும் ரிவர்ஸ் ஸ்விங்கை எதிர்கொண்டவரோடு எப்படி ஒப்பிடுவீர்கள்? அதற்குத் தனிப் பட்டிமன்றம் வேண்டும்.

ஆகவே தலைப்பை மாற்றுங்கள்: ‘தன் காலத்தை விஞ்சி நின்ற இந்திய பேட்டர் யார்: கவாஸ்கரா? சச்சினா? கோலியா?’ மூன்று அணி வைத்தால் கூட்டம் குறையாது. ஃபிளெக்ஸில் கவாஸ்கருக்கு இடம் இல்லை என்றால் குழுவினர் போட்டோவில் ஒரு வரிசையைக் குறைக்கலாம்.

நான்காவது பெயராக இந்திய மகளிர் அணியின் மிதாலி ராஜையும் சேர்த்தால் இன்னும் நல்லது. 1999 முதல் 2022 வரை ஆடி, ஒருநாள் போட்டிகளில் 50.68 சராசரியில் 7,805 ரன் எடுத்தவர். அத்தனை ஆண்டில் அவருக்குக் கிடைத்த டெஸ்ட் 12தான். அதற்குள்ளேயே 2002இல் இங்கிலாந்தில் ஒரு 214. மொத்த ரன்னை வைத்து அளப்பது எவ்வளவு அநியாயம் என்பதற்கு அவரைவிடச் சாட்சி வேண்டாம். நம் பகுதியில் கல்லூரிப் பெண்கள் அருமையாகப் பேசுகிறார்கள். அந்த அணியை அவர்களிடம் கொடுங்கள்.

பேச்சாளர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை போடுங்கள். யார் எந்த எண்ணைச் சொன்னாலும் எந்த ஊர், எந்த ஆண்டு, பந்து போட்டவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நடுவர் மணி அடிக்கட்டும். தேவையான கணக்குகளை நடுவருக்கு நான் முன்கூட்டியே தாளில் எழுதித் தருகிறேன். தீர்ப்பு கவாஸ்கருக்குப் போகாவிட்டால் கோபப்படுவேன். மேடை ஏறி மைக்கைப் பிடுங்க மாட்டேன் என்று மட்டும் உறுதி தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பகுதி ஸ்கோரர்,
செல்லூர், மதுரை